பாறை இடுக்கு: சிறுத்தைப் பல்லிக்கு மூன்றடிப் பெட்டியில் ஒரு கல்சுவர்

சிறுத்தைப் பல்லி பகல் முழுவதும் கல்லிடுக்கில் படுத்துக் கிடக்கும். முதுகு மேல்கல்லிலும் வயிறு அடிக்கல்லிலும் பட்டால்தான் அதற்கு நிம்மதி. பெட்டியின் பின்புறம் அழகான பாறைச் சுவரை எழுப்பிவிட்டு, பல்லி ஒளிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். சுவர் நமக்கு, டப்பா பல்லிக்கு என்று ஆகிவிடுகிறது. இந்த வேலையில் முதலில் இடுக்குகளை வரைந்துகொண்டோம். பாறை பிறகு அவற்றைச் சுற்றி வந்தது.

லெப்பர்ட் கெக்கோ என்று கடைகளில் சொல்லும் இந்தப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட கற்காடுகளைச் சேர்ந்தது. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இருக்கும் ஒட்டும் விரல்கள் இதற்கு இல்லை. கண்ணாடியில் ஏறாது, நகம் மாட்டச் சொரசொரப்பு வேண்டும், சரிவு வேண்டும். வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்று பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டியைக் கட்டி முடித்துவிட்டுக் கேட்பதில் பயனில்லை.

பெட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம், முன்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு. இருப்பது பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு தரைவீட்டின் கூடத்தில், வெயில் படாத சுவரோரம், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில். உயரம் குறைவாக வைத்ததற்குக் காரணம் சூடு. அந்தக் கூடத்தில் பிற்பகலில் தரையோரம் இருக்கும் வெப்பத்துக்கும் தலையளவு உயரத்தில் இருக்கும் வெப்பத்துக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருந்தது.

நிஜக் கல்லா, பாலிஃபோமா

பினாங்குத் தீவே கருங்கல் தீவு. அப்படியிருக்க நிஜக் கல்லையே அடுக்கினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருங்கல்லின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம். 90க்கு 45 பரப்பில் 10 செ.மீ. தடிப்புக்குச் சுவர் எழுப்பினால் 109 கிலோ. பெட்டியின் அடிக்கண்ணாடி அதைத் தாங்காது. பல்லி கீழே மண்ணைத் தோண்டினால் கல் சரிந்து அதன் மேலேயே விழும். அதே அளவு பாலிஃபோம், அதாவது வெள்ளைத் தெர்மோகோல், ஒரு கிலோகூட வராது. பூச்சு எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, பல்லி ஏறி நிற்கச் சுவரில் நீட்டிய தட்டுகளும் சேர்த்து, இந்தச் சுவர் சுமார் 8 கிலோ. ஓர் இடத்தில் மட்டும் நிஜக் கல் கட்டாயம் வேண்டும், அது பிறகு.

வடிவத்துக்குப் பினாங்கின் ‘பத்து ஃபெரிங்கி’ கடற்கரையில் கிடக்கும் பெரும்பாறைகளைப் பார்த்தோம். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகுபோல் தகடு தகடாகப் பிரிகிறது. தகட்டுக்கும் உள்பாறைக்கும் நடுவே இருக்கும் சந்துதான் நமக்கு வேண்டிய இடுக்கு. இன்னொன்று, விரிசல்கள் கண்டபடி ஓடுவதில்லை, இரண்டு மூன்று திசைகளில்தான் ஓடுகின்றன. செதுக்கும்போது அந்தத் திசைகளை மறந்தால் சுவர் கசக்கிய காகிதம்போல் ஆகிவிடும். படம் எடுத்து வந்தால் போதும். கரையிலிருந்து கல்லைத் தூக்கி வராதீர்கள். உப்பு ஏறியிருக்கும், அங்கிருந்து எடுப்பதும் சரியல்ல.

இடுக்குகளின் அளவு

வளர்ந்த பல்லி மூக்கிலிருந்து வால்நுனிவரை 20 முதல் 25 செ.மீ. இருக்கும். மூன்று இடுக்குகள் போட்டோம்: சூடான பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஈரப்பாசி வைக்க ஒன்று. ஒவ்வொன்றும் வாயில் 4 செ.மீ. உயரம், உள்ளே 3 செ.மீ., அகலம் 12, ஆழம் 18. உங்கள் கையைத் தட்டையாக விட்டுப் பாருங்கள். புறங்கை லேசாக உரசினால் உயரம் சரி. உள்முனை ஆப்புபோல் கூராக முடியக் கூடாது, அங்கே தலை சிக்கும். கிண்ணத்தின் அடிபோல் வளைத்து முடியுங்கள்.

எந்த இடுக்கின் மேல்தகடும் ஒட்டப்படவில்லை, மூடிபோல் தூக்கி எடுக்கலாம். இதை விட்டுவிட்டால் பின்னால் எந்த வழியும் கிடையாது. உள்ளே இரைக்கு விட்டுச் செத்த வெட்டுக்கிளி, உரிந்த தோல், எச்சம் எல்லாம் சேரும். நோயுற்ற பல்லியை இடுக்கிலிருந்து இழுத்து எடுக்க முயன்றால் வாலைக் கழற்றிவிடும். மூடியைத் தூக்கினால் பல்லியைத் தொடவே வேண்டாம்.

தட்டுகளின் உயரம் மண்ணிலிருந்து 20 செ.மீ.யைத் தாண்டவில்லை. கனத்த உடம்பு, ஒட்டாத விரல். அதற்கு மேலிருந்து விழுந்தால் அடிபடும்.

வெட்டுதல், ஒட்டுதல்

ஹார்ட்வேர் கடையில் 2 அங்குலத் தடிப்புப் பாலிஃபோம் பலகை இரண்டு வாங்கினால் போதும். மீன் வரும் வெள்ளைப் பெட்டியை வெட்டிப் பயன்படுத்த வேண்டாம், நாற்றம் போகாது. பின்சுவரை 88க்கு 43 என்று வெட்டி, நடுவில் ஒரு விரிசல் கோட்டை ஒட்டி இரண்டாகப் பிளந்தோம். கதவுச் சட்டத்தின் வழியே முழுப்பலகை நுழையாது. எல்லாம் பூசி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும்.

பெரிய வெட்டுக்கு ரொட்டிக் கத்தி, செதுக்கப் பிளேடு கத்தி, மேற்பரப்புக்குக் கம்பித் தூரிகை. சில விளிம்புகளை வெட்டாமல் கையால் ஒடித்தோம், கல் உடைந்த மாதிரியே வரும். சூடான கம்பியும் ஹீட் கன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் அந்தப் புகை கெட்டது. அவற்றைக் கையில் எடுத்தால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும். தின்னர், அசிட்டோன், ஸ்ப்ரே பெயிண்ட் மூன்றும் பாலிஃபோமைக் கரைத்துவிடும். கிட்டவே கொண்டு வராதீர்கள்.

ஒட்டுவதற்குப் புளிக்காடி வாசம் வரும் சாதாரணச் சிலிக்கோன். பூஞ்சை எதிர்ப்பு மருந்து சேர்த்த குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம். சிலிக்கோன் காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், அதுவும் வெளியிலிருந்து உள்ளே. உள்ளங்கை அகலத்துக்கு அப்பினால் நடுப்பகுதி வாரக்கணக்கில் பசையாகவே கிடக்கும். விரல் தடிமனில் கோடுகோடாக, கோட்டுக்குக் கோடு 5 செ.மீ. விட்டுப் போடுங்கள். இறுகும்வரை துண்டுகளைப் பிடித்து நிறுத்தச் சாத்தே இறைச்சி வாட்டும் மெல்லிய மூங்கில் குச்சியைக் குத்தி வைத்தோம். குச்சியை உள்ளேயே ஒடித்து விட்டுவிடலாம். எலும்புபோல் இருந்து தட்டைத் தாங்கும். நுனி மட்டும் வெளியே நீட்டக் கூடாது.

பூச்சு

இந்த வேலையின் பாதி இதுதான், பொறுமை போவதும் இங்கேதான்.

பூச்சுக்கு டைல் இடைவெளியில் அடைக்கும் சிமெண்ட் கிரௌட். இதிலும் பூஞ்சை எதிர்ப்பு என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் தவிருங்கள். சுவர், தட்டு, இடுக்கின் உட்புறம், பலகையின் முதுகு எல்லாம் சேர்த்துப் பூச வேண்டிய பரப்பு சுமார் 1.4 சதுர மீட்டர். நான்கு பூச்சுக்கும் சேர்த்து 6 கிலோ தூள் ஆனது: 1, 1.5, 2, 1.5 என்ற கணக்கில். தூளைக் கலக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். சிமெண்ட் ஈரமாகத் தோலில் தங்கினால் புண்ணாக்கும்.

முதல் பூச்சு நீர்தோசை மாவுபோல் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 400 முதல் 450 மி.லி. தண்ணீர், அதில் கால்பங்கு சிமெண்டில் கலக்கும் அக்ரிலிக் ஒட்டுத்திரவம். பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையிலும் குத்திக் குத்தி ஏற்றுங்கள். பார்க்க ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், வெள்ளை ஆங்காங்கே தெரியும். பரவாயில்லை. மேலே வரும் கனமான பூச்சுகளைப் பிடித்து வைப்பது இதன் வேலை. இரண்டாவது பூச்சுக்கு ஒரு கிலோவுக்கு 350 மி.லி., மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 300 மி.லி., இட்லி மாவுப் பதம். மூன்றாவதிலிருந்து மூன்று பங்கு கிரௌட்டுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்தோம், பல்லியின் நகத்துக்காக. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒருநாள். அடுத்த பூச்சுக்கு முன் பழைய பரப்பை நனைக்க மறந்துவிடாதீர்கள். காய்ந்த சிமெண்ட் புதுப் பூச்சின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், புதுப்பூச்சு ஒட்டாமல் நிற்கும்.

இரண்டாம் பூச்சில் தவறு நடந்தது. தட்டும் சுவரும் சேரும் மூலைகளில் கலவை வழிந்து தேங்கி 5 மி.மீ. தடிப்பாகிவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று மேசை விசிறியையும் திருப்பி வைத்தாயிற்று. மறுநாள் காலையில் மூலையெங்கும் முடியிழை விரிசல். விரல் கணுவால் தட்டினால் நல்ல இடத்தில் ‘டக்’கென்று கெட்டிச் சத்தம், கெட்ட இடத்தில் முட்டை ஓட்டைத் தட்டியதுபோல் வெற்றுச் சத்தம். நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தண்ணீரை விசிறி கொண்டுபோனால் மிஞ்சுவது வெறும் மண். வெற்றுச் சத்தம் வந்த இடங்களை எல்லாம் கத்தி முனையால் பெயர்த்து, கழுவி, ஈரமாக்கி, மெல்லியதாக மறுபடி பூச வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் குப்பைப் பையை விரித்து மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். கடைசிப் பூச்சுக்கு மூன்று நாள் அப்படி. விரிசல் வரவில்லை. மூலையில் தேங்கும் கலவையை உடனே பிரஷ்ஷால் வழித்து எடுங்கள். எந்தப் பூச்சும் 1 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

நான்கும் முடிந்த பிறகு ஒரு வாரம் தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். புதுச் சிமெண்ட் காரம் கக்கும். கழுவ மறந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து தேய்த்துவிட்டு நன்றாக அலசினால் போய்விடும்.

சொரசொரப்புக்கு ஒரு சோதனை. பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தட்டுகளையும் இடுக்கின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். நூல் இழுபடும் இடமெல்லாம் பல்லியின் வயிற்றைக் கீறும். உப்புத்தாளை நனைத்து அந்த முனைகளை மட்டும் மழுக்குங்கள். இடுக்கின் மேற்கூரையை விட்டுவிடாதீர்கள், முதுகு உரசுவது அதில்தான்.

நிறமும் மேற்பூச்சும்

நிறத்தைக் கடைசிப் பூச்சிலேயே கலந்துவிட்டோம். சிமெண்டுக்குப் போடும் இரும்பு ஆக்சைடு தூள், ஒரு கிலோ கிரௌட்டுக்கு 25 கிராம், மஞ்சள் அதிகம், சிவப்பு கொஞ்சம், கறுப்பு ஒரு சிட்டிகை. பின்னால் கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான் தெரியும். அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்: முதலில் நீர்க்கக் கரைத்த அடர்பழுப்பை விரிசல்களில் வழியவிட்டு, மேலே பட்டதைத் துணியால் ஒற்றி எடுத்தோம். காய்ந்ததும் பிரஷ்ஷை வெளிர் மணல் நிறத்தில் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் உரசினோம். இரண்டே நிறத்தில் ஆழம் வந்துவிடும். ஏழெட்டு நிறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சுவர் பொம்மைக் கடையாகிவிடும்.

மேற்பூச்சுக்குப் பளபளப்பில்லாத, தண்ணீர் அடிப்படை அக்ரிலிக் வார்னிஷ், மூன்று மெல்லிய கோட். இங்கேதான் பினாங்கு ஈரம் கழுத்தைப் பிடிக்கும். உள்ளே ஈரம் இருக்கும்போதே வார்னிஷ் அடித்தால் பால் ஊற்றியதுபோல் வெளுத்து, பிறகு தோலாக உரியும். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சாண் கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஓர் இரவு ஒட்டி வையுங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் நடந்த இந்த வேலையில் மூன்றாவது இரவுச் சோதனைதான் வியர்க்காமல் வந்தது, கழுவல் முடிந்து பன்னிரண்டாம் நாள். பலகையின் முதுகையும் விளிம்புகளையும் விடாமல் அடைத்துப் பூசுங்கள். திறந்திருக்கும் பாலிஃபோமுக்குள் எறும்பு குடைந்து கூடு கட்டும். பிறகு சுவரைப் பெயர்த்தால்தான் உண்டு. வார்னிஷ் முடிந்து வாசம் அறவே போகும்வரை, குறைந்தது இரண்டு வாரம், பல்லியை விட வேண்டாம். அது எதையும் நக்கிப் பார்க்கும் பிராணி.

சுவரைப் பெட்டிக்குள் வைத்த பிறகு நான்கு ஓரத்தையும் நடுப்பிளவையும் சிலிக்கோனால் அடைத்தோம். சிறு சந்து விட்டாலும் வெட்டுக்கிளிகள் பின்னால் போய்விடும். இரவெல்லாம் சத்தம், அங்கேயே செத்தால் நாற்றம்.

விளக்கின் கீழ் நிஜக் கல்

பாலிஃபோம் வெப்பத்தைக் கடத்தாது. விளக்கின் கீழ் 3 மி.மீ. பூச்சு மட்டும் சட்டென்று கொதிக்கும், விளக்கை அணைத்தால் சட்டென்று ஆறும். பல்லிக்கு வேண்டியது மெல்லச் சூடாகி, மாலையில் விளக்கை அணைத்த பிறகும் வயிற்றுக்குக் கதகதப்பாக இருக்கும் கல். சமையலறை மேடை போடும் கிரானைட் கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடக்கும். 30க்கு 20, தடிப்பு 2 செ.மீ. துண்டு ஒன்று, 3 கிலோவுக்குச் சற்று மேல். பளபளப்பான முகத்தைக் கீழே திருப்பிச் சொரசொர முதுகை மேலே வைத்தோம். இதுவே சூடான பக்கத்து இடுக்கின் கூரையும். கல் மேலே சூடாகிக் கீழே கதகதப்பைக் கசியவிடும், பல்லி வெளியே வராமலே சூடு பெறும். கல்லின் நான்கு மூலையும் மண்ணில் அல்லாமல் பெட்டியின் அடியில் நிற்கும் டைல் துண்டுகளின் மேல் உட்கார வேண்டும். மண்ணில் வைத்தால் பல்லி தோண்டித் தோண்டி ஒருநாள் அடியில் நசுங்கும். கடைகளில் விற்கும் மின்சாரச் சூட்டுக்கல்லை வாங்காதீர்கள். வயிற்றைச் சுட்டுவிடும்.

50 வாட் ஹாலஜன் விளக்கு, பீங்கான் ஹோல்டர், கல்லிலிருந்து 28 செ.மீ. உயரம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைத் தெர்மோஸ்டேட். உணர்முனை கல்லின் மேல் ஒட்டியிருக்கிறது. கல்லின் மேற்பரப்பு 34 முதல் 36 டிகிரி. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள், இந்த விளக்குக்கு அது தாராளம். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் வழிந்தால் அங்கேயே சொட்டிவிடும். பாலிஃபோம் 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், பூச்சுக்குள் நடப்பது வெளியே தெரியாது. ஆகவே விளக்கிலிருந்து எந்தப் பாலிஃபோம் பகுதியும் 20 செ.மீ.க்குள் இல்லை. பல்லியை விடும் முன் எட்டு மணி நேரம் விளக்கை எரியவிட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் சுவரெங்கும் அளந்தோம். 45 டிகிரியைத் தாண்டிய ஒரு முனையைச் செதுக்கிப் பின்னுக்குத் தள்ளிப் பூச வேண்டியிருந்தது.

சூடேற்றுவது இந்த ஊரில் எளிது, குளிர்ந்த பக்கம் வைத்திருப்பதுதான் பாடு. பிற்பகலில் கூடமே 30 டிகிரி இருக்கும்போது விளக்கு அதிகமாக எரிந்தால் பல்லிக்கு ஒதுங்க இடமில்லை. தெர்மோஸ்டேட் இல்லாமல் பினாங்கில் விளக்கு போடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இரவில் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

ஈரம், மண், எறும்பு

இந்தப் பல்லிக்குப் பெட்டிக் காற்று 40 விழுக்காட்டு ஈரத்தில் இருந்தால் நல்லது என்று எழுதுவார்கள். நம் வெளிக்காற்றே 80. மேல்மூடி முழுவதையும் துருப்பிடிக்காத கம்பி வலையாக விட்டு, காற்று ஓட வழி செய்வதுதான் செய்யக்கூடியது. பகலில் விளக்கின் சூட்டால் அந்தப் பக்கம் 55க்கு இறங்குகிறது. வலைக்கண் 1 மி.மீ.; பெரிதாக இருந்தால் குட்டிச் சுவர்ப் பல்லிகள் உள்ளே வந்து ஒட்டுண்ணிகளைக் கொண்டு வரும். ஈரப்பாசி இடுக்குக்கு வாரம் இருமுறை தெளித்தால் போதும், பாசியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மண் ஏழு பங்கு உரமில்லாத தோட்டமண், மூன்று பங்கு கழுவிய மணல், 8 செ.மீ. உயரம்.

எறும்புக்கு நம் பாட்டிமார் பலகாரப் பேழைக்குச் செய்த வைத்தியமே சிறந்தது: மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும், மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். மேசை சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றால் கிண்ணம் வைத்தும் பயனில்லை. விளக்கு வயரும் ஒரு பாலம்தான். அதில் ஒரு விரல் நீளத்துக்கு வாஸலின் தடவுங்கள்.

கடைசிப் பூச்சுக்குக் கலந்த தூளில், தண்ணீர் சேர்க்கும் முன், 200 கிராமைத் தனியே எடுத்து மூடி இறுகிய போத்தலில் போட்டு நிறக் கணக்கை மேலே எழுதி வையுங்கள். தட்டின் ஓரம் எப்போதாவது பெயரும்; அதே நிறத்தை இரண்டாம் முறை கலந்து பிடிப்பது பெரும்பாடு. பெயர்ந்த இடத்தின் வார்னிஷைச் சுரண்டி, நனைத்து, மெல்லியதாகப் பூசி, ஈரத்துணியால் மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். அதுவரை பல்லி மாற்றுப் பெட்டியில் இருக்கட்டும்.